நூறு கோடியே ஏழு

என் வீட்டுக்காரர் சோணைமுத்துவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது என்றால் எனக்கு மூன்றுக்கு மேல் வராது. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். ரேஷன் கடை வரிசையில் அவரே போய் நிற்பார். அவ்வளவுதான். மற்றதை எல்லாம் அந்தப் பாழாய்ப்போன எண்ணைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும்.

1000000007. ஒன்று போட்டு, எட்டு சைபர் போட்டு, கடைசியில் ஒரு ஏழு. நூறு கோடியே ஏழு. எனக்கு வாய்த்த சக்களத்தி அதுதான். மனுஷியாக இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து ஆய்ந்திருப்பேன். எண்ணை என்ன செய்வது?

அவர் மேலூர்ப் பக்கத்துக்காரர். அப்பா குவாரியில் கல் உடைத்தார். மகன் கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதிச் சலித்து, சமயநல்லூர் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார். பள்ளியின் பெயர் வேண்டாம், அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. நான் பாண்டிச்செல்வி. சமயநல்லூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். படிப்பு பத்தாவது.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அது வீட்டுக்குள் நுழைந்தது. வகுப்பில் பகா எண் நடத்தியிருக்கிறார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர். ஏழு, பதினொன்று, பதின்மூன்று மாதிரி. ஒரு பிள்ளை எழுந்து, "சார், நூறு கோடிக்கு அப்புறம் வர்ற முதல் பகா எண் எது?" என்று கேட்டிருக்கிறாள். இவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து நூறு கோடியே ஏழு என்று சொல்லியிருக்கிறார். அந்தக் குட்டி அதோடு உட்கார்ந்திருக்கலாம். "அது பகா எண்தான்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

அன்று சாயங்காலம் தட்டில் போட்ட இட்லி ஆறிக் கிடந்தது.

"கம்ப்யூட்டர் சொல்லுதுன்னு சொல்லிட்டேன் செல்வி. ஒரு வாத்தியார் சொல்ற பதிலா அது?"

"வேற என்னத்தச் சொல்லணும்? அதுக்குத்தான தெரியுது."

"அதுக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா?"

மறுநாள் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் அந்த எண்ணை எழுதி, மூன்றால் வகுத்தார். மீதி இரண்டு வந்தது. முகம் அப்படி மலர்ந்து போனது. அதற்கடுத்த நாள் ஐந்தால். பிறகு ஏழால். நாளுக்கு ஒரு தாள், தாளுக்கு ஒரு வகுத்தல். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் இவருடைய கூத்து. வகுத்ததைத் திரும்பப் பெருக்கிச் சரிபார்க்காமல் தாளைக் கீழே வைக்க மாட்டார். சரிவராவிட்டால் மறுநாள் தாளிலும் அதே வகுத்தல்தான்.

"எம்புட்டு நாளைக்கு இது?" என்று கேட்டேன்.

"முப்பத்தோராயிரத்து அறுநூத்து இருபத்திரெண்டு வரைக்கும் பார்த்தாப் போதும். அதுல பகா எண்ணை மட்டும் எடுத்து வகுக்கணும்."

போதுமாம்! அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கே புரிந்தது. இரண்டு எண்ணின் பெருக்கலாகத்தான் ஒரு எண் உடையும். இரண்டுமே அந்த முப்பத்தோராயிரத்துச் சொச்சத்துக்கு மேலே இருந்தால் பெருக்கல் நூறு கோடியே ஏழைத் தாண்டிவிடும். ஆகவே சின்னவன் ஒருவனாவது அதற்குள் இருந்தாக வேண்டும். அந்தச் சின்னவன் எங்குமே இல்லை என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. அதற்குள் இருக்கும் பகா எண்களோ மூவாயிரத்து நானூறு சொச்சம். கேட்டவுடன் எனக்குத் தலை சுற்றியது.

ஏழால் வகுத்தால் மீதி ஆறு. பதினொன்றால் வகுத்தாலும் ஆறு. பதின்மூன்றாலும் அதே ஆறு. "ஒரே மீதிதான வருது, இதுக்கு எதுக்கு மூணு நாளு?" என்றேன். அவர் அதை ஏதோ நான் பாராட்டிவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டு, ஏழையும் பதினொன்றையும் பதின்மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்து ஒன்று வரும், அதனால்தான் அப்படி என்று ஒரு மணி நேரம் விளக்கினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

இருபத்துமூன்றால் வகுத்த அன்று மீதி வரவில்லை. சுத்தமாக வகுபட்டுவிட்டது. மனிதர் எழவு வீட்டில் உட்காருவதைப் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு செல்வி. கம்ப்யூட்டரும் பொய், நானும் பொய்." எனக்குப் பொறுக்கவில்லை. தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். வகுத்தலெல்லாம் எனக்குத் தெரியாது. சைபர்களை எண்ணத் தெரியும்.

"ஏங்க, ஒன்பது சைபர் போட்டிருக்கீங்க. எட்டுதான இருக்கணும்?"

அவர் துள்ளி எழுந்தார். ஒரு சைபர் கூடப் போட்டதால் வந்த வினை. சரியாக எழுதி வகுத்தார், மீதி நாலு. என்னைக் கட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். அன்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தச் சனியன் அந்த வாரமே செத்திருக்கும். பதினோரு வருஷம் எனக்கு மிச்சமாகியிருக்கும். என் வாய் சும்மா இருந்தால்தானே?

பதினோரு வருஷம் என்பது சொல்வதற்குச் சின்ன வார்த்தை. என் தங்கை மகன் காதுகுத்துக்குப் போனால் பந்தியில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து தாளை எடுப்பார். சித்திரைத் திருவிழாவில் ஊரே அழகரைப் பார்க்க ஆற்றில் நிற்கும். இவர் ஓரமாக உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருப்பார். மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வராந்தாவில் வகுத்தார். ஒரு தடவை காலண்டரையே ஒளித்து வைத்தேன். பால்காரர் காளையிடம் போய் அவர் வீட்டுக் காலண்டரில் நேற்றைய தாளை வாங்கி வந்தார். அந்தக் காளை என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இதைவிடப் பெரிய பகா எண்களெல்லாம் உண்டாம், கோடிக்கணக்கில் இலக்கங்களோடு. அவற்றில் ஒன்றை இவர் பிடித்துக்கொள்ளாமல் விட்டாரே என்று மீனாட்சிக்கு ஒரு விளக்கு போட்டேன்.

போன வருஷம் தை மாதம் கடைசி எண் வந்தது. 31607. மீதி 17741. இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"முடிஞ்சிருச்சு."

"என்ன கிடைச்சுச்சு?"

"ஒண்ணுமே கிடைக்கலை செல்வி. அதான் வேணும்."

நான் துணியை மிஷினில் போட்டு மிதித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில்தான்.

பள்ளியின் தாளாளர் சிவராமைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். குவாரியில் பணம் பார்த்து, பிறகு பள்ளி கட்டியவர். எவனோ ஒரு எண் ஜோசியன் சொன்னான் என்று ஆங்கிலத்தில் தன் பெயருக்குள் இரண்டு எழுத்து அதிகமாகச் சொருகிக்கொண்டார். பள்ளி வேன் எல்லாவற்றின் நம்பரையும் கூட்டினால் ஒன்பது வரும். அவர் போன் நம்பரும் ஒன்பது. எட்டு மட்டும் ஆகாது. அது சனியின் எண்ணாம். பள்ளியில் எட்டாம் நம்பர் அறை கிடையாது. எட்டாம் வகுப்பு வாசலில்கூட 'நடுநிலை மூத்தோர்' என்று போர்டு தொங்கும். கணக்கு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இப்படி ஒரு ஆள்!

இவர் பதினோரு வருஷம் வகுத்த சங்கதி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. விளம்பரத்துக்கு ஆகுமே என்று மூளை வேலை செய்திருக்கிறது. இந்த வருஷ ஆண்டு விழாவில் வாத்தியாருக்குப் பொன்னாடை, மேடைக்குப் பின்னால் அந்த எண்ணைப் போட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் என்று அறிவித்தார். எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்கு வந்து சொன்னபோது சின்னப்பிள்ளை மாதிரி இருந்தார். பதினெட்டு வருஷ வேலையில் அவருக்கு யாரும் ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை. புதுச் சட்டை எடுத்தோம். நானே கை அளவு குறைத்துக் கொடுத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, நடனப் பிள்ளைகளின் உடுப்பு அளவைச் சரிபார்க்க நானும் பள்ளிக்குப் போயிருந்தேன். மேடையில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சிவராம் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே மூலையில் தபால்தலை அளவில் என் புருஷன். நடுவில், 'எதாலும் வகுபடாத மாபெரும் பகா எண்' என்று எழுதி, அதன் கீழே முழங்கை உயர எழுத்தில்:

1000000008.

அவர் என் பக்கத்தில்தான் நின்றார். திரும்பிப் பார்த்தால் மனிதர் முகம் வெளுத்துப் போயிருந்தது. விறுவிறுவென்று தாளாளர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"சார், நம்பர் தப்பா வந்திருக்கு."

"தப்பெல்லாம் இல்ல வாத்தியாரே. நான்தான் மாத்தச் சொன்னேன்." சிவராம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உம்ம நம்பரைக் கூட்டிப் பார்த்தீரா? ஒண்ணும் ஏழும் எட்டு. என் படத்துக்குப் பக்கத்துல எட்டைப் போடுவேனா? கடைசியில ஏழை எட்டாக்குனேன். கடைசியில எட்டு நின்னா என்ன, கூட்டுனா ஒண்ணும் எட்டும் ஒன்பது. ராசியான நம்பர்."

"சார், கூட்டி ஒன்பது வந்தாலே அது ஒன்பதால வகுபட்டுரும். ரெண்டாலயும் வகுபடும். அது பகா எண்ணே இல்ல."

"வகுபட்டா நல்லதுதானய்யா! எல்லாருக்கும் பங்கு வரும்ல?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஒண்ணு குறைச்சேனா? கூடத்தான குடுத்திருக்கேன்."

"சார்..."

"சரி, அப்ப ஒன்பது வர்ற மாதிரி வேற ஒரு பகா எண்ணைச் சொல்லும். போட்டுருவோம்."

"அப்படி ஒண்ணு கிடையாது சார். இருக்கவே முடியாது."

"தேடிப் பார்த்தீரா?"

"தேட வேண்டியதில்ல சார்."

"ஒண்ணைப் பதினோரு வருஷம் தேடத் தெரியுது. நான் கேட்டதைத் தேட மாட்டீரு. என்னய்யா திமிரு இது?" சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கு மேடையில உம்ம வாயால அந்த நம்பரைப் படிக்கணும். ஃப்ளெக்ஸ்ல உள்ளபடி. முடியாதுன்னா திங்கக்கிழமையிலிருந்து வர வேண்டாம். ஒன்பதாவது படிக்குதுல்ல உம்ம பிள்ளை, ஃபீஸ் இல்லாம? டி.சி.யையும் கையோட வாங்கிட்டுப் போயிரும்."

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார். வெளியே வந்து மரத்தடியில் நின்று, "விடு செல்வி" என்றார். அவ்வளவுதான். எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிவராம் மேல் எரிந்ததா, இந்த மனிதர் மேல் எரிந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறித் தல்லாகுளம் போனேன். அந்த ஃப்ளெக்ஸ் அடித்த தவ்பீக்கின் கடை அங்கேதான். எங்களுக்கு முன்பே பழக்கமான பையன், என்னைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டான்.

"அக்கா, சத்தியமா நான் ஏழுதான் போட்டேன். எழுதிக் குடுத்ததுலயும் ஏழுதான். அப்புறம் அவரே போன் போட்டு எட்டாக்கச் சொன்னாரு. சார், எட்டு ரெட்டைப்படையாச்சேன்னு கேட்டேன்க்கா. நீ ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனா, கணக்கு வாத்தியாரான்னு கேட்டு வச்சிட்டாரு."

"அதே எழுத்துல, அதே அளவுல ஒரு ஏழு அடிச்சுக் குடு. பின்னால பசையோட."

"எதுக்குக்கா?"

"ஒட்டுப் போடத்தான். நான் தையக்காரி."

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, பின்னணி நிறம்கூட மாறாமல் ஒரு ஏழை அடித்து, சுருட்டிக் கையில் கொடுத்தான். "பின்தாளை உரிச்சு ஒட்டுனா அப்புறம் வராது, பார்த்துக்கங்க. நான் அடிச்சேன்னு யார்ட்டயும் சொல்லிராதீங்க." சொல்லமாட்டேன் என்றேன். இதோ எழுதிவிட்டேன். தவ்பீக், மன்னித்துக்கொள்.

விழா தொடங்கும் முன் ஒட்டிவிடலாம் என்பது என் திட்டம். அவர் சுருளைப் பார்த்துவிட்டார்.

"வேண்டாம். பிள்ளை படிப்பு கெட்டுரும்."

"அப்ப எட்டுன்னு சொல்லப்போறீங்களா?"

"ஒரு வார்த்தைதான செல்வி. சொல்லிட்டு வந்துர்றேன்."

"சொல்லுங்க. எனக்கென்ன வந்துச்சு? ஏழாயிருந்தா என்ன, எட்டாயிருந்தா என்ன. என்னைக்கு எனக்கு அது சோறு போட்டுச்சு?" என்று கத்திவிட்டுச் சுருளைக் கைப்பைக்குள் திணித்தேன்.

சாயங்காலம் விழா. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் நானும் மகளும். குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், சிறப்பு விருந்தினர் என்று யாரோ ஒருவர், எல்லாம் முடிந்து இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார் சிவராம். போட்டோ எடுத்தார்கள். பிறகு மைக்கை இவர் பக்கம் நகர்த்தி, "படியும்" என்று கையைக் காட்டினார்.

அவர் ஃப்ளெக்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே, எங்களைப் பார்த்தார்.

"நூறு கோடியே..."

அந்த எண்ணை அவர் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஏழு என்னும் இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கும், பிள்ளையைத் தொட்டிலில் விடும்போது கை இறங்குவது மாதிரி. அதற்காகக் காத்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"...எட்டு" என்றார்.

ஜனம் கை தட்டியது. அவ்வளவு பேரும்! என் பக்கத்து நாற்காலிக்காரியும் தட்டினாள். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைப் படி ஏறினேன். ஃப்ளெக்ஸ் ஓரம் நாற்காலியைப் போட்டு அதன் மேல் நின்றேன். நாற்காலி ஆடியது. கீழே பார்த்தால் என் மகள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. சுருளைப் பிரித்து, தாளை உரித்து, எட்டின் மேல் ஏழை வைத்து, ஜாக்கெட்டுக்கு ஒட்டுப் போடுவது போல ஓரமெல்லாம் நீவி அழுத்தினேன். எட்டு இருந்த இடம் தெரியவில்லை.

"யாருய்யா இந்தம்மா? இறக்குங்கய்யா!" என்று சிவராம் கத்தினார்.

நானே இறங்கினேன். மைக் அங்கேதான் இருந்தது.

"எட்டுல முடிஞ்சா ரெண்டால வகுபடும்னு இங்க இருக்கிற மூணாப்புப் பிள்ளைக்குத் தெரியும். இம்புட்டுப் பேரும் எதுக்குக் கை தட்டுனீங்க?" சிவராம் பக்கம் திரும்பினேன். "உங்க ராசிக்கு வேன் நம்பரை மாத்துங்க, உங்க பேரை மாத்துங்க, எட்டாம் வகுப்பையே இல்லைன்னு சொல்லுங்க. இதுல கை வைக்காதீங்க. இது உங்க அப்பன் வீட்டு நம்பர் இல்ல."

அதற்கப்புறம் சிவராம் என்னை என்னென்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது. திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. வேலை மேடையிலேயே போனது. டி.சி.யை ஆள் விட்டுக் கொடுத்தனுப்பினார். பொன்னாடையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மகள் இப்போது அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். இவர் வீட்டில் டியூஷன் எடுக்கிறார். பிள்ளைகள் வருகிறார்கள், நூறு பேர் வருகிறார்கள் என்றெல்லாம் கதை விட மாட்டேன். என் மிஷின்தான் ஓடுகிறது. அந்த ஏழை மட்டும் உரிக்கப் பார்த்து முடியாமல் ஃப்ளெக்ஸையே அவிழ்த்தார்கள் என்று தவ்பீக் போனில் சொன்னான். எனக்கு அது போதும்.

விழா அன்றைக்கு ராத்திரி திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸுக்கு மூன்று பேரும் நின்றோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"நூறு கோடியே ஒன்பதும் பகா எண்ணுன்னு சொல்றாங்க. ஏழும் ஒன்பதும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. நடுவுல மாட்டுன எட்டுதான்..."

"வாயைத் திறந்தீங்க, இந்த ரோடுன்னு பார்க்க மாட்டேன்."

மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "உனக்குத்தான் அதைப் பிடிக்கவே பிடிக்காதே செல்வி. அப்புறம் எதுக்கு ஏறுன?" என்றார்.

"இப்பவும் பிடிக்காது. பதினோரு வருஷம் எனக்குச் சேர வேண்டிய சாயங்காலத்தை எல்லாம் தின்னுட்டு என் வீட்டுல உட்கார்ந்திருந்துச்சு அது. தின்னது ஏழு. எவனோ ஒருத்தன் வந்து எட்டும்பான், நீங்களும் ஆமாம்பீங்க, அப்ப நான் பதினோரு வருஷம் யாருக்கு விட்டுக்குடுத்தேன்?"

அவர் என் தோளில் தொங்கிய பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் செய்யாத வேலை அது.

"இப்பத்தான் கண்ணு தெரியுதாக்கும்" என்றேன்.